நாளெ பா என்று எழுதியிருந்த வீடு

பெங்களூருக்கு வீடு பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவில் மூன்று பேர் ஸ்வெட்டர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மே மாதம். அரூரில் தார் ரோடு உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும் என்று மூன்றையும் பையில் திணித்துக்கொண்டேன். அதற்கு மேல் இரண்டு புடவைக்கும், கன்னட எழுத்தும் பேச்சும் கற்றுத்தரும் ஒரு புத்தகத்துக்கும், என் அளவு நோட்டுக்கும்தான் இடம் இருந்தது.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் நானாகக் கிளறிக் கற்றுக்கொண்டது. அளவு நோட்டின் முன்பக்கம் ஊர்ப் பெண்களின் தோளும் கையும் கழுத்தும். பின்பக்கம், யாராவது சொல்லி எனக்குப் பிடித்துப்போன பேச்சு. யார் சொன்னது என்று பேரோடு எழுதிவைப்பேன்.

எங்க வீட்டுக்காரர் பேரில் அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்கிறார். ஒன்றரை வருஷமாக அங்கே ஆறு பேரோடு ஒரு அறையில் அவர். அரூரில் நானும் இரண்டு பிள்ளைகளும். வீடு பாருங்க என்றால் பார்ப்பார். "வீடு இருக்கா?" என்பார். "இல்லை" என்பார்கள். "சரி" என்று திரும்பிவிடுவார். எப்போ காலியாகும், பக்கத்தில் யாரைக் கேட்கலாம் என்று அடுத்த கேள்வி அவர் வாயில் வராது.

பெரியவள் ஐந்தாவது முடித்துவிட்டாள். ஆறாவதுக்கு எப்படியும் வேறு பள்ளிக்கூடம். அரூரிலா, பெங்களூரிலா என்று திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரூரில் சேர்த்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அவர் அங்கே, நாங்கள் இங்கே. பிள்ளைகளை நாத்தனாரிடம் ஒப்படைத்து, நாலு நாளில் வீட்டோடு வருகிறேன் என்று பஸ் ஏறினேன்.

ஓசூர் தாண்டுவதற்குள் கன்னடம் எனக்கு வசமாகிவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாத ஒரு ரகசியத்தை நானே கண்டுபிடித்தேன். நம்முடைய 'வ' அங்கே 'ப' ஆகிவிடுகிறது: வா என்றால் பா, வெல்லம் என்றால் பெல்ல, வாடகை என்றால் பாடிகெ. நம்முடைய 'ப' அங்கே 'ஹ' ஆகிவிடுகிறது: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. இரண்டே சாவி, மொத்த பாஷையும் திறந்துகொள்கிறது. சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் நாளிலிருந்தே ஜாகை சிவாஜிநகரில், ரீட்டா அக்கா வீட்டில். எங்கள் ஊரில் டீச்சராக இருந்தவர், கல்யாணமாகி இங்கே வந்து பல வருஷம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்ததை நடந்தது என்று சொல்ல முடியாது, கூட்டம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு பக்கம் துணிக்கடை, ஒரு பக்கம் கறிக்கடை, நடுவில் கீமா சமோசா எண்ணெயில் குதிக்கிறது. ஒரு துணிக்கடைக்காரர் என்னிடம் தமிழில் விலை சொல்லி, பின்னால் வந்த அம்மாளிடம் உருதுவில் பேரம் பேசி, உள்ளே இருந்தவரைக் கன்னடத்தில் திட்டினார். மூன்றும் ஒரே மூச்சில்.

"இங்கயே இருந்துடேன் வசந்தி" என்றார் ரீட்டா அக்கா. "மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. கீழ எறங்கினா மார்க்கெட். மாதா கோவில் மணி அடிச்சா மணி பார்க்க வேண்டாம். இந்தத் தெருவுல பேச ஆள் இல்லன்னு யாரும் செத்ததில்ல."

கடைசி வரி உடனே நோட்டில் ஏறியது. மாடி அறையையும் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குழம்பு கொதிப்பது தெரிகிறது, உப்பு போட்டாளா என்று இங்கிருந்தே கேட்கலாம். எனக்கு அப்போதே தையல் மெஷினைத் தூக்கிவந்து போட்டுவிட வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து எங்க வீட்டுக்காரர் வந்தார். அறையைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆனால் வந்து அரை மணி நேரம் அவர் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்காமல் சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம் பஸ்ஸுல?" என்று கேட்டேன்.

"ரெண்டேகால் மணி."

மேம்பாலமெல்லாம் வருவதற்கு முந்தைய ஓசூர் ரோடு அது. போக வர நாலரை மணி நேரம். இங்கே வீடு எடுத்தால் தெரு முழுக்க என்னிடம் பேசும், இவர் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பார். சிவாஜிநகரை மனசில்லாமல் கைவிட்டேன்.

இரண்டாம் நாள் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் பார்ப்பது என்று முடிவு. இவர் லீவு போட்டுக் கூட வந்தார். பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். மடிவாளாவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். நான் முன்னால் நின்றுகொண்டு கடைப் பலகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "யாரம்மா இளியோது?" என்றார்.

யாரம்மா இளிப்பது என்கிறார். வெட்கமாகப் போய்விட்டது. வாயை இறுக்க மூடிக்கொண்டு நல்ல பெண்ணாக நின்றேன். பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்க வீட்டுக்காரர் கீழே நிற்கிறார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, அவர் வேர்க்க வேர்க்க நடந்து வரும்வரை காத்திருந்தேன். அவர்கள் பாஷையில் இளி என்றால் இறங்கு. மடிவாளாவில் யார் இறங்குவது என்று கேட்டிருக்கிறார் மனுஷன்.

"ஒன்றரை வருஷமா இந்த பஸ்ஸுல போறீங்களே, இதைச் சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலயே" என்றார்.

கோபம் தணிய ஒரு ஓட்டலுக்குள் போனோம். பலகையில் சௌ சௌ பாத் என்று எழுதியிருந்தது. சௌ சௌக்கு எங்கள் ஊரில் பெங்களூர் கத்திரிக்காய் என்றுகூடப் பேர் உண்டு. அதன் சொந்த ஊரிலேயே அதைச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று சொன்னேன். தட்டில் ஒரு குவியல் காரமான ரவை உப்புமா, பக்கத்தில் ஒரு குவியல் கேசரி. காயைத் தோண்டித் தோண்டித் தேடினேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் அதற்குப் பேர்தான் சௌ சௌ பாத்தாம். சாம்பாரில் வெல்லம் வேறு. ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

காபிக்கு இவர் சப்ளையரிடம் இரண்டு விரலைக் காட்டி, "பை டூ" என்றார். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பிரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த ஊர் வழக்கமாம். ஆறு பேர் அறையில் யாரோடு பங்கு போட்டுக் குடிக்கிறாரோ தெரியாது. ஒன்றரை வருஷத்தில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் குடித்த முதல் காபி அது. பாதி தம்ளர்தான். ஆறும்வரை குடித்தோம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கியதும் என் இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடைக்குப் போனேன். வேண்டும் என்பதற்கு பேகு என்று புத்தகத்திலேயே இருந்தது. வீடு? 'வ' போய் 'ப'. தைரியமாகச் சொன்னேன்: "பீடு பேகு."

கடைக்காரர் ஒரு கட்டு பீடியை எடுத்து வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியும் வைத்தார்.

எங்க வீட்டுக்காரர் குனிந்துகொண்டார். தோள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கையால் கூரையும் கதவும் வரைந்து காட்டினேன். கடைக்காரருக்கும் புரிந்து, வீட்டுக்கு மனெ என்று பேர், காலியாக இருக்கிற வீடு காலி மனெ என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தெருமுனையில் நிற்கிற புரோக்கரையும் காட்டினார்.

புரோக்கர் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு ஒரு மொபெட்டில் சாய்ந்திருந்தார். புதிதாகக் கற்றதை ஆறவிடாமல், "காலி மனெ பேகு" என்றேன்.

"தமிழா?" என்றார் அவர். "நமக்குத் திருப்பத்தூர்மா. காலி மனைதானே? எத்தனை வேணும்?"

"எங்களுக்கு எதுக்குங்க நிறைய? ஒண்ணு போதும்."

"கிழக்குப் பார்த்தா?"

"கிழக்கோ மேற்கோ, காத்து வந்தா சரி."

"காத்துக்கு நான் கேரண்டி" என்று மொபெட்டைக் கிளப்பினார். நாங்கள் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். கட்டடங்கள் குறைந்தன. ரோடு மண்ணானது. ஒரு வெட்டவெளியில் மொபெட் நின்றது. கேழ்வரகு அறுத்த தட்டை, மஞ்சள் பெயிண்ட் அடித்த நாலு கல், ஒரு எருமை. புரோக்கர் கல்லுக்குக் கல் தாண்டி நின்று கையை விரித்தார்.

"இங்க ஹால் வருதும்மா. அங்க கிச்சன். எருமை நிக்குதே, அங்க பூஜை ரூம்."

வருது என்று பேசுவது இந்த ஊர்த் தமிழ் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டிக்கொண்டே போனேன். பூஜை ரூமில் எருமை சாணி போட்டது. "வரும் வரும்னா, எப்பங்க வரும்?" என்று கேட்டேன்.

"நீங்க கட்டினா வரும்."

அப்போதுதான் உறைத்தது. அவர் காதில் விழுந்தது நம்ம ஊர் மனை. விஷயத்தைச் சொன்னதும் புரோக்கர் மஞ்சள் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வீடுன்னு தமிழ்லயே கேட்டிருந்தா இந்நேரம் பால் காய்ச்சியிருப்பீங்களேம்மா" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ மனைன்னு சொன்னப்பவே நெனைச்சேன்" என்றார்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ பேசிட்டிருந்த."

ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேரும்வரை சிரித்தார். புரோக்கர் நல்ல மனுஷன். மறுபடி ஊருக்குள் அழைத்துவந்து இரண்டு வீடு காட்டினார். இரண்டும் புதிசு, சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. ஆனால் தெருவில் ஆளே இல்லை. எல்லாரும் கம்பெனி வண்டியில் போய் கம்பெனி வண்டியில் வருகிறவர்களாம். அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு காக்காய் வந்தது, அதுவும் நிற்கவில்லை. இங்கே யாருக்கு ஜாக்கெட் தைப்பேன், யாரிடம் பேசுவேன்?

என் முகத்தைப் பார்த்துவிட்டு புரோக்கரே சொன்னார்: "நீங்க சந்தாபுரா போங்கம்மா. கொஞ்ச தூரம்தான். அங்க வீடும் இருக்கு, வாயும் இருக்கு."

மூன்றாம் நாள் சந்தாபுரா. இறங்கிய இடத்திலேயே பூக்காரம்மா ஒருத்தியும் வெற்றிலைக்காரர் ஒருத்தரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தமிழில் திட்டுகிறாள், அவர் கன்னடத்தில் பதில் சொல்கிறார், இரண்டு பேருக்கும் எல்லாம் புரிகிறது. "ஏங்க, இந்த ஊர்தான்" என்றேன். இவருடைய கம்பெனிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

ஊர் கிடைத்துவிட்டது, வீடு கிடைக்கவில்லை. முதல் வீட்டில் கக்கூஸ் மூன்று வீடு தாண்டி இருந்தது. இரண்டாவது வீட்டுக்காரர் தையல் மெஷின் சத்தம் ஆகாது என்றார். மூன்றாவது வீட்டில், தினம் எத்தனை குடம் தண்ணீர் செலவழிப்பீர்கள் என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அதிகம் என்றார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் திரும்பினோம்.

அந்த வீட்டைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். மாடிக்குத் தனிப்படி. தெருவைப் பார்த்து அகலமாக ஒரு ஜன்னல், சரியாக மெஷின் போடுகிற உயரத்தில். வாசலிலேயே குழாய். மாடிக் கைப்பிடியில் ஒரு பலகை, கன்னடத்தில். கூட்டிப் படித்தேன்: மனெ பாடிகெகெ இதெ. வீடு வாடகைக்கு இருக்கிறது. இந்தத் தடவை தப்பே இல்லை.

ஆனால் கதவு சாத்தியிருந்தது. கதவில் சாக்பீஸால் பெரிதாக என்னவோ எழுதியிருந்தது. கிட்டப் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தேன்.

"நா... ளெ... பா. நாளைக்கு வா! ஏங்க, நாளைக்கு வரச் சொல்லி எழுதிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. வீடு கேட்டு வர்றவங்க ஏமாந்துடக் கூடாதுன்னு, பாருங்களேன், என்ன நல்ல குணம்."

"வாங்கன்னு எழுதலயே" என்றார் இவர்.

"சாக்பீஸ் பத்தியிருக்காது."

திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டினார். அங்கேயும் அதே எழுத்து. எதிர்வீட்டிலும். "தெருவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கும்" என்று சொல்லி, நான் சந்தோஷமாகவே பஸ் ஏறினேன். அன்று ரீட்டா அக்காவிடம் அந்த ஜன்னலைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கதவில் எழுதியிருந்ததைச் சொல்ல மறந்துபோனேன். அந்த ஊரிலேயே அத்தனை வருஷம் இருந்தவர், சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே வெளிச்சமாகியிருக்கும்.

நாலாம் நாள். சாயங்காலம் எனக்கு ஊருக்கு பஸ். பையோடுதான் கிளம்பி வந்தேன், மூன்று ஸ்வெட்டரும் மடிப்புக் கலையாமல் உள்ளே. காலை பத்து மணிக்கு அந்த வாசலில் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. நாளெ பா. அதே எழுத்து, அதே இடம்.

நேற்றும் நாளைக்கு என்றார்கள், இன்றும் நாளைக்கு என்கிறார்கள். எனக்கு நாளை இல்லையே. மறுநாள் ஞாயிறு, அதற்கு மறுநாள் திங்கள். நாலு நாளாகச் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"விடுங்க" என்றேன். "அரூர்லயே சேர்த்துடறேன். ஒரு வருஷம்தானே."

இவரும் வழக்கம்போல சரி என்றுதான் சொல்வார் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுகிட்டப் போய்ச் சொன்னார்: "நீ படிச்சவ, படிச்சுட்டு உட்கார்ந்துட்ட. எனக்குப் படிக்கத் தெரியாது. தட்டத் தெரியும்."

தட்டினார். வீடு இல்லை என்றால் சரி என்று திரும்புகிற மனுஷன், விடாமல் தட்டினார்.

கதவு உடனே திறந்தது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு அம்மாள். எங்களைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தாள்.

"நீங்களா? நேத்து மத்தியானம் வந்து கதவைப் படிச்சீங்க, போயிட்டீங்க. இன்னைக்கும் வந்து படிக்கிறீங்க. ஜன்னல்லருந்து பார்த்துட்டுதான் இருக்கேன். என் கதவுல என்ன கதையா எழுதியிருக்கு?"

தமிழ். நல்ல, சுத்தமான தமிழ். அம்மா வீடு தேன்கனிக்கோட்டையாம், வாழ்க்கைப்பட்டது இங்கே. பேர் சரோஜம்மா. நாலு நாளாக நான் கற்றுக்கொண்ட கன்னடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், "நாளைக்கு வான்னு எழுதியிருந்தீங்க. அதான் வந்தோம்" என்றேன்.

சரோஜம்மா என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தெருப் பக்கம் திரும்பி இரண்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் வந்ததும் கன்னடத்தில் சொன்னாள். அவர்களும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். சில வருஷம் முன்னால் அந்தப் பக்கமெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியதாம். ராத்திரியில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டும், நமக்கு வேண்டியவர்கள் குரலில் கூப்பிடும், திறந்தால் தீர்ந்தது. அதனால் கதவில் நாளெ பா என்று எழுதிவைப்பார்கள். பேய் வந்து படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று போய்விடும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், மறுபடி போய்விடும்.

"வீட்டை வெள்ளையடிச்சாலும் அதை மட்டும் திரும்ப எழுதிடுவோம்" என்றாள் சரோஜம்மா. "இத்தனை வருஷத்துல பேய் வந்து யாரும் பார்க்கல. எழுதினதைப் படிச்சு, போயி, சொன்னபடி வந்தது நீ ஒருத்திதான்."

"வாங்கன்னு போடாம வான்னு இருக்கேன்னு இவர் அப்பவே கேட்டார்" என்றேன்.

"பேய்க்கு என்ன மரியாதை?"

மேலே போய் வீட்டைப் பார்த்தோம். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். சந்து முழுக்கத் தெரிந்தது. அப்போதுதான் சரோஜம்மா கொஞ்சம் இழுத்தாற்போல் சொன்னாள்: "நேத்து நீங்க போனப்புறம் நாலு கம்பெனிப் பசங்க வந்தாங்க. மத்தியானம் வர்றோம்னு சொல்லியிருக்காங்க."

என் கை ஜன்னல் கம்பியிலேயே நின்றது. கீழே அந்த இரண்டு பெண்களும் இன்னும் போகவில்லை. ஒருத்தி அண்ணாந்து பார்த்து, கன்னடத்தில் என்னவோ சொன்னாள். சரோஜம்மா வாய்விட்டுச் சிரித்து எனக்குத் தமிழில் சொன்னாள்: "பசங்க வந்தா கதவைச் சாத்திக்குவாங்க, இவளை விட்டா நமக்கு வாய்க்காதுங்கறா."

பிறகு இவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணன் பேசுவாரா?"

"தேவைன்னா பேசுவாருங்க" என்றேன். "இன்னைக்குப் பேசினாரு."

"அப்பச் சரி. பலகையைக் கழட்டிடு அண்ணா."

கழட்டினார். மத்தியானம் அந்தத் தெரு எங்களுக்குக் களி உருண்டையும் கீரைச் சாறும் போட்டது. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று இந்த ஊரில் கட்டாயமாம். எங்கள் பக்கமும் அப்படித்தான் என்று சொல்லி விழுங்கிக் காட்டியதில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கூடியது. ஜாக்கெட் அளவு இரண்டு அங்கேயே எடுத்தேன்.

சாயங்காலம் ஹைவேயில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். இவர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். "டி.சி. வாங்கணும், தைக்கக் கொடுத்த துணியெல்லாம் முடிச்சுத் தரணும், சாமான் கட்டணும். பத்து நாள்ல வந்துடறேன்" என்றேன். தலையாட்டினார். பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்து வந்து என்னவோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் சரியாகக் காதில் விழாததால் என்ன என்று கேட்டேன்.

"நாளெ பா" என்றார்.

கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தேன். அவர் பேர் போட்டு இரண்டு வரி எழுதினேன். ஒன்று தட்டத் தெரியும் என்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தாபுராவில் இறங்கினோம், நானும் பிள்ளைகள் இரண்டும். டி.சி.யைப் பிறகு நாத்தனார் வாங்கிக் கொடுக்கட்டும். தையல் மெஷினின் தலை மட்டும் சாக்கில் கட்டி என் இடுப்பில் இருந்தது. சரோஜம்மா கதவைத் திறந்து, "பத்து நாள்னு சொன்னதா அண்ணன் சொன்னாரே?" என்றாள்.

கதவில் பேய்க்கு எழுதினதற்கே வந்தவள் நான். என்னைப் பார்த்துச் சொன்னதற்கு வராமல் இருப்பேனா?